பூனையின் நெஞ்சைத் தட்டிக் கேட்டவர்

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் சபாபதி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! முன் வரிசையில் துயரமே உருவாக அமர்ந்திருக்கும் கனகம்மா அக்கா அவர்களே! குளுவாங்கிலிருந்தும் காஹாங்கிலிருந்தும் சிம்பாங் ரெங்கத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் மகாஜனங்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் தங்கராஜு. காஹாங் ரோட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக டிரெஸராக இருக்கிறேன். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் என் வேலை. மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று நான் பேசியே ஆக வேண்டும் என்று தலைவரிடம் கெஞ்சிக் கேட்டு இந்த இடத்தை வாங்கிக்கொண்டேன்.

நம்முடைய மிருக வைத்தியர், ஸ்ரீமான் சிவசம்பு அவர்கள் போய்விட்டார்! நாற்பத்தாறு வயது. சாகிற வயதா அது? இன்றைக்குப் பதினாறாம் நாள். இன்னும் அவர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதுபோல நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

கடைத்தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காப்பிக்கடையில் ஒருவர் சொன்னார்: "படிச்ச மனுசன், சர்க்கார் உத்தியோகம். கடைசில ஒரு பூனைக்காகச் செத்துப் போனாரு, பாருங்க." பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நானும் அங்கேதான் இருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பூனைக்காகச் செத்தாரா சிவசம்பு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் இந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான். அவன் உங்கள் முன்னால் நிற்கிறான்.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மிருக வைத்தியம் படித்து, சர்க்கார் வேலையில் ஜொகூருக்கு வந்தவர். மாட்டுக்கு வருகிற கோமாரி, எருமைக்கு வருகிற அடைப்பான், பன்றிக்கு வருகிற காய்ச்சல், இவற்றைப் பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. மாதாமாதம் அவர் நிரப்பி அனுப்புகிற படிவத்தில் மாட்டுக்குக் கட்டம் உண்டு, எருமைக்கு உண்டு, ஆட்டுக்கும் பன்றிக்கும் உண்டு. பூனைக்குக் கட்டம் கிடையாது. அந்தக் கட்டமில்லாத பிராணிக்காக அவர் தம்முடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். வீட்டுப் பின்புறம் தகரம் அடித்த ஒரு மேசை. அதுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

எனக்கு அவரோடு எப்படிப் பழக்கம் ஏற்பட்டது? அதைச் சொன்னால் என் குற்றத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோய் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கருப்பாயியின் மகள், செல்லம், நாலு வயதுக் குழந்தை, மூன்றே நாளில் மூச்சுத் திணறிச் செத்துப்போனது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்ததை நான் பார்த்தேன். மருந்து என் கையில் இல்லை. அது அடங்குகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்தக் குழந்தை ஒரு பூனையோடு படுத்துத் தூங்கும். குழந்தை இறந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். பூனை மூலையில் குந்தியிருந்தது. வாயைத் திறந்துகொண்டு, வயிறு ஏறி இறங்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பூனையிடமிருந்து குழந்தைகளுக்குத் தொண்டை நோய் வரும் என்று ஒரு பழைய வைத்தியப் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ட உடனே முடிவுகட்டிவிட்டேன். தோட்டத்து மானேஜர் தொரைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், 'நோய்க்குக் காரணம் லயத்துப் பூனைகள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தொரை என்ன செய்வார்? கங்காணிகளைக் கூப்பிட்டார். நாற்பத்தொரு பூனைகளைப் பிடித்துச் சாக்கில் கட்டி ஆற்றில் அமுக்கினார்கள். ஆற்றங்கரையில் லயத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். என்னுடைய ஒரு கையெழுத்து செய்த வேலை அது!

கருப்பாயி மட்டும் தன் பூனையைக் கொடுக்கவில்லை. அது ஓடிப்போய்விட்டது என்று கங்காணியிடம் பொய் சொல்லி, விறகு அடுக்கின் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பத்து நாள் கழித்து, அதைப் பால் வாளிக்குள் உட்கார வைத்து, மேலே துணி போட்டு மூடி, குளுவாங்கிற்கு நடந்தே போனாள். எதற்காகப் போனாள் தெரியுமா? பூனையைக் காப்பாற்றவா? இல்லை. சிவசம்பு ஐயா முன்னால் வாளியை வைத்துவிட்டு அவள் கேட்டது இது. அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்:

"சாமி, எம் புள்ளயக் கொன்னது இதுதான்னு டிரெஸரையா எழுதிட்டாரு. நெசமான்னு பாத்துச் சொல்லுங்க. நெசம்னா நானே கொண்டுபோயி ஆத்துல அமுக்கிப்புடறேன்."

பெற்ற வயிறு கேட்ட கேள்வி அது! அவர் எனக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். 'தயவுசெய்து இன்றே வரவும்' என்று ஒரே வரி. தோட்டத்து லோரியில் போய் இறங்கினேன்.

"பூனையிட்ட இருந்து நோய் வந்தது எண்டு எழுதினது நீர்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"அதின்ர வாயைத் திறந்து பாத்தீரோ?"

"இல்லீங்க."

"அப்ப என்னத்தைப் பாத்து எழுதினீர்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. மனுஷர் கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூனையை ஒரு மரப்பெட்டிக்குள், அரை இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைத்திருந்தார். நான் தூக்கப் போனேன். "தொடாதேயும்" என்றார். "மூச்சுக்குத் தவிக்கிற பூனையைப் பிடிச்சு இழுத்தா, பிடிச்ச கையிலேயே செத்துப்போம். முதல்ல தள்ளி நிண்டு பாரும்."

பார்த்தேன். முன்னங்கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடிகாரத்தை என் கையில் கொடுத்து மூச்சை எண்ணச் சொன்னார். நிமிஷத்துக்கு எண்பது.

"சத்தம் கேக்குதோ?"

"இல்லீங்க ஐயா."

"தொண்டை அடைச்சிருந்தா, மூச்சு உள்ளுக்குப் போகேக்க சத்தம் வர வேணும். இது சத்தமில்லாமல் ஓடுது. பிழை தொண்டையில இல்லை. நெஞ்சுக்குள்ள."

பிறகு மெதுவாக வாயைத் திறந்து காட்டினார். தொண்டை சுத்தமாக இருந்தது. சாம்பல் தோல் இல்லை, புண் இல்லை, ஒன்றுமே இல்லை. நாக்கு மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்தார். அந்த நிலைமையிலும் பூனை குறுகுறுத்துக்கொண்டிருந்தது. "செத்துக்கொண்டிருந்தாலும் இது குறுகுறுக்கும். சுகமா இருக்கு எண்டு ஏமாறக் கூடாது" என்று சொல்லி, செம்பிலிருந்து வாளியில் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பூனை காதைத் திருப்பியது. குறுகுறுப்பு நின்றது. "இப்ப கேளும்" என்று குழாயை என் காதில் வைத்தார். மேலே மூச்சு கேட்டது. கீழே ஒன்றும் கேட்கவில்லை. இதயத்துடிப்புகூட எங்கோ தூரத்தில் கேட்டது.

அப்புறம் ஒரு விரலை விலாவில் படுக்க வைத்து, இன்னொரு விரலால் தட்டினார். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி எண்ணெய் எதுவரை நிற்கிறது என்று பார்ப்போமே, அதுபோல. மேலே கணீர் என்றது. கீழே மண்சுவரைத் தட்டியதுபோலச் செத்த சத்தம்.

ஏழாவது விலாவுக்கும் எட்டாவது விலாவுக்கும் நடுவே மயிரை மழித்து, மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியை இறக்கினார். மஞ்சளும் சிவப்புமாகச் சீழ் வந்தது! அந்த நாற்றத்தை என்னால் மறக்க முடியாது. இரண்டு சின்னக் கோப்பை நிறைந்தது. இன்னொரு பூனை கடித்த தழும்பு ஒன்று முன்னங்காலுக்குப் பின்னால் ரோமத்துக்குள் மறைந்திருந்தது. கடி புரையோடி உள்ளே இறங்கியிருக்கிறது. கதை அவ்வளவுதான். அதற்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சிவசம்பு ஐயா கையைக் கழுவிக்கொண்டு கருப்பாயியிடம் போனார். "இல்லை அம்மா. உன்ர பிள்ளை இதால சாகேல்லை" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அப்பன்னா எதுனால செத்துச்சு சாமி?"

அவர் என்னைப் பார்த்தார்.

மகாஜனங்களே! பூனையைக் குற்றவாளியாக்கிவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு நாளில், அதே லயத்தில் இன்னும் இரண்டு குழந்தைகள் செத்துப்போயின! நோய் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியவன் நான். தேடவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தவன் எதற்குத் தேடப்போகிறான்?

சிவசம்பு ஐயா தொரைக்குக் கடிதம் எழுதினார். லயத்தில் உள்ள எல்லோருடைய தொண்டையிலிருந்தும் பஞ்சில் துடைத்து எடுத்து ஜொகூர் பாருவுக்கு அனுப்ப வேண்டும், நோயில்லாதவர்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று எழுதினார். 'மிருக வைத்தியருக்கு இதில் என்ன வேலை' என்று மேலிடத்திலிருந்து அவருக்குக் கண்டனம் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குத் தொரை இணங்கினார். பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் தொண்டையில் நோய்க் கிருமி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு இருமல்கூட இல்லை. பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அவளைத் தனியே வைத்தார்கள், குழந்தைகளுக்கு ஊசி மருந்து வந்தது. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒரு குழந்தையும் அந்த நோயால் சாகவில்லை.

இதோ இந்த மண்டபத்தின் இடது பக்கத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தாய்மார் மடியில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இன்று இருந்திருப்பார்கள்? ஒரு பூனையின் வாயைத் திறந்து பார்க்கிற பொறுமை ஒரு மனிதருக்கு இருந்திராவிட்டால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான் அவர் வீட்டுப் பின்புறத்துக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். கருப்பாயியின் பூனைக்கு விலாவில் ரப்பர்க் குழாய் வைத்துத் தைத்து, காலையும் மாலையும் கொதித்து ஆறிய உப்புநீரால் பன்னிரண்டு நாள் உள்ளே கழுவினார். அது பிழைத்தது.

எல்லாம் பிழைத்தன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து குறட்டைவிட்டுத் தவித்த பூனைகளை, அண்ணத்தைத் தூக்கி இடுக்கியால் அந்தச் சதையைப் பிடுங்கி, ஒரு நிமிஷத்தில் மூச்சுவிட வைத்திருக்கிறார். மரத்திலிருந்து விழுந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள சவ்வு கிழிந்து, குடல் நெஞ்சுக்குள் ஏறிப்போன பூனைகள் மூன்று வந்தன. மூன்றையும் திறந்து தைத்தார். மூன்றும் மேசையிலேயே செத்தன. நெஞ்சைத் திறந்ததும் சுவாசப்பை சுருங்கிவிடும். தொண்டையில் குழாய் இறக்கி நான் வாயால் ஊதினேன். போதவில்லை. மூன்றாவது செத்த அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் மனைவி கனகம்மா அக்கா இரண்டு தடவை வந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொரு சாவையும் அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். 'பிழை என்னுடையது, தையலில் அதிக நேரம் எடுத்தேன்' என்று எழுதியிருக்கிறார். தன் பிழையைத் தன் கையாலேயே எழுதி வைக்கிற உத்தியோகஸ்தர் நம்மில் எத்தனை பேர்?

இப்போது நான் சொல்லப் பயந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி. மலாய்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அவாங், அதோ கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் தம் பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். அதே நோய். நெஞ்சு முழுக்கச் சீழ். மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்கிற நிலைமை. அதனால் சிவசம்பு ஐயா தோலை மட்டும் மரக்க வைத்துவிட்டு, பூனையைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். ஒரு கையால் பிடரியும், இன்னொரு கையால் முன்னங்கால்களும்.

"என்ன வந்தாலும் விடாதேயும்" என்றார்.

"சரிங்க ஐயா" என்றேன்.

ஊசி உள்ளே இருந்தது. சீழ் வந்துகொண்டிருந்தது. பூனை திமிறி என் மணிக்கட்டைக் கிழித்தது. நான் கையை விட்டுவிட்டேன். ஒரு கணம்தான்! பூனை புரண்டது. சீழோடு வெளியே வந்த ஊசி அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, ஆழமாக இறங்கியது.

பூனையின் நெஞ்சில் இருந்த துளையை அவர் உடனே கட்டைவிரலால் பொத்திக்கொண்டார். "ஐயா, விரலைக் கழுவுங்க, முதல்ல கழுவுங்க" என்று நான் அலறினேன்.

"நெஞ்சில துளை திறந்து கிடக்கு. இப்ப விட்டா காத்து உள்ளுக்குப் போய் இது செத்துப்போம். பிடியும்."

பிடித்தேன். அவர் குழாயை வைத்துத் தைத்து முடித்தார். இருபது நிமிஷம். அதற்குப் பிறகுதான் விரலைக் கார்பாலிக் தண்ணீரில் விட்டார். அந்த இருபது நிமிஷமும் என் கண்முன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் விரல் வீங்கியது. மூன்றாம் நாள் சிவப்புக் கோடு முழங்கையைத் தாண்டி அக்குள் வரை ஏறியது. சர்க்கார் டாக்டர் கீறிவிட்டார், மறுபடியும் கீறிவிட்டார். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவர் முந்திக்கொண்டு, "என்ர கவனக்குறைவு, டாக்டர்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டாம் நாள் பிற்பகல் பார்க்கப் போனேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. மூச்சு வேகவேகமாக ஓடியது. கையைக் காட்டி என்னைக் கிட்டே அழைத்தார்.

"தங்கராஜு, இஞ்ச தட்டிப் பாரும்" என்று தம் வலது விலாவைக் காட்டினார்.

என்னால் முடியவில்லை. "வேணாங்க ஐயா" என்றேன்.

"தட்டும்."

தட்டினேன். மேலே கணீர் என்றது. கீழே, மகாஜனங்களே, கீழே அந்தச் செத்த சத்தம்.

"எதுவரைக்கும் நிக்குது?"

"ஆறாவது விலாவரைக்கும் ஐயா."

"ம். நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றார். பிறகு, "அவாங்கின்ர பூனை எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். தின்னத் தொடங்கிவிட்டது என்றேன். தலையை ஆட்டினார். அன்று மாலை டாக்டர் அவர் நெஞ்சிலும் ஊசி போட்டுச் சீழ் எடுத்தார். பயனில்லை. மறுநாள் காலை மூச்சு நின்றுவிட்டது.

கனகம்மா அக்கா! உங்கள் கணவர் கவனக்குறைவால் சாகவில்லை. நான் கையை விட்டதால் செத்தார். உங்களுக்கு இதை அவர் சொல்லவில்லை. நான் வீடு வந்து மூன்று முறை படியேறியும் சொல்லாமல் திரும்பினேன். இன்று ஊரார் முன்னால் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை.

ஆசிரியர் அவாங் அவர்களே! அடக்கத்தன்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாலா சாயா, சாலா சாயா", என் குற்றம், என் குற்றம் என்று அழுதீர்கள். குற்றம் உங்களுடையது அல்ல, உங்கள் பூனையுடையதும் அல்ல. தயவுசெய்து தலையை நிமிர்த்துங்கள்.

காப்பிக்கடையில் சிரித்தவர் இங்கே இருந்தால் அவருக்கும் சொல்கிறேன். சிவசம்பு பூனைக்காகச் செத்தார் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றவன் பயந்து கையை விட்டான், அவர் விடவில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர் ஆத்மா அமைதி பெறட்டும் என்று கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அது எனக்குப் போதாது. கனகம்மா அக்கா நேற்று ஆள் அனுப்பி, அவருடைய ஊசிகளையும் குழாய்களையும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் என்னிடம் சேர்த்தார்கள். அப்போது அவர்களுக்கு உண்மை தெரியாது. இதைக் கேட்ட பிறகு திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். கேட்காவிட்டால், தொரையிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஞாயிறுதோறும் எங்கள் ஆஸ்பத்திரிப் பின்புறக் கொட்டகை திறந்திருக்கும். நான் மிருக வைத்தியன் அல்ல. அவர் செய்த எல்லாவற்றையும் என்னால் செய்ய முடியாது. தள்ளி நின்று பார்ப்பேன், மூச்சை எண்ணுவேன், வாயைத் திறந்து பார்க்காமல் ஒரு வரியும் எழுத மாட்டேன். நெஞ்சுச் சீழை எடுக்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதைச் செய்வேன். தவறினால் தவறினேன் என்று அதே நோட்டுப் புத்தகத்தில், அவர் எழுத்துக்குக் கீழே எழுதுவேன்.

இன்று காலை சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பூனை வந்திருக்கிறது. மூச்சு எழுபது. இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தேன், கீழே அதே செத்த சத்தம். பிற்பகல் மூன்று மணிக்கு நான் தனியாக ஊசி போடப்போகிற முதல் பூனை அது. பூனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். வருகிறவர் யாராக இருந்தாலும் வாருங்கள்.